கரி ஊதுன நெஞ்சு

ஆஸ்பத்திரி ஃபாரத்துல 'வேலை'ன்னு ஒரு கட்டம் இருந்துச்சு. எம் மவன் அதுல 'சூரி ரூமா'ன்னு எழுதினான். மலாய்ல வீட்டுப் பொம்பளன்னு அர்த்தம். நான் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். மூணாம் வகுப்போட நின்னவதான், ஆனா எழுத்துக் கூட்டி வாசிக்க வரும். அவன் பேனாவ மூடுறதுக்குள்ள வாசிச்சுட்டேன்.

"யாருடா வீட்டுல இருக்கா?"ன்னு கேட்டேன்.

"அது ஒரு பேச்சுக்கும்மா. அவங்க இதெல்லாம் பாக்க மாட்டாங்க."

"பாக்காததுக்கு ஏன் கட்டம் போட்டு வச்சிருக்கான்?"

"அம்மா, சத்தம் போடாத லா. எல்லாரும் பாக்குறாங்க."

பாக்கட்டும். நாப்பது வருஷத்துக்கு மேல ஆயர் ஈத்தாம் பாசார்ல, அந்தச் சந்தை ஓரத்துல, ஆப்பம் சுட்டு வித்தவ நான். எட்டு மண்ணடுப்பு, எட்டு சட்டி, எல்லாம் கரிதான். காலையில பத்த வச்சா பத்து மணிக்குத்தான் அணையும். இவனும் இவன் தங்கச்சியும் அந்த ஆப்பத்தத் தின்னுதான் வளந்தாங்க, அத வித்துதான் படிச்சாங்க. இப்ப இவன் சிம்பாங் அம்பாட்டுல ஒரு ஃபேக்டரியில சூப்பர்வைசர். கழுத்துல படம் போட்ட அட்ட தொங்குது. ஆப்பக்காரி மவன்னு சொல்லிக்க அவனுக்கு வெக்கம்னு நான் சொல்ல மாட்டேன். பேனாவுக்குத்தான் வெக்கம் போல.

இருமல் வந்து அப்ப நாலு மாசம் இருக்கும். மொதல்ல அது இருமல்னே நான் ஒத்துக்கல. தொண்டையில என்னமோ நிக்குதுன்னு சொன்னேன். அப்புறம் எங்க ஃப்ளாட்டுல லிஃப்ட் கெட்டுப்போன அன்னிக்கு, அஞ்சு மாடி ஏறுறதுக்கு நாலு எடத்துல உக்காந்தேன். கேட்டவங்ககிட்ட, ஒவ்வொரு மாடியிலயும் யாரு வீட்டுல என்ன கொழம்புன்னு மோந்து பாத்துட்டு வர்றேன்னு சொன்னேன். நம்பிட்டாங்க. நான் சொன்னா நம்புவாங்க, நான் அந்த மாதிரி ஆளு.

மவ மட்டும் நம்பல. அவ டத்தோ கிராமாட்டுல இருக்கா, ஒரு ஒப்பிஸ்ல கிராணி, குமாஸ்தா வேல. அவதான் இழுத்துக்கிட்டு கிளினிக்குக்குப் போனா. மூணு நாள் காலையில சளி எடுத்துக் குடுக்கச் சொன்னாங்க. காச நோய் இல்லன்னு வந்துச்சு. எக்ஸ்ரே எடுத்தாங்க. அதுல வலது பக்கம் ஒரு நெழல் தெரியுதாம். நெழல்னா என்னன்னு அந்தப் படத்துல சரியாச் சொல்ல முடியாதாம். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயி சிட்டி ஸ்கேன் எடுக்கணும், அதுலயும் சும்மா ஸ்கேன் இல்ல, நெஞ்ச ரொம்ப மெல்லிசா அறுத்து அறுத்துப் பாக்குற ஸ்கேன்னு எழுதிக் குடுத்தாங்க. மோட்டார்ல வர்ற பாய் ரொட்டிய அறுத்துக் குடுப்பாரே, அந்த மாதிரி. ஆனா கத்தி இல்லாம.

அன்னிக்குச் சாயங்காலம் எங்க வீட்டு அடுப்படியில அண்ணனும் தங்கச்சியும் மாநாடு போட்டாங்க. நான் ஹால்ல டிவி முன்னால. ரெண்டும் இங்கிலீஸ்ல பேசுதுங்க, எனக்குப் புரியக் கூடாதுன்னு. 'கேன்சர்'னு காதுல விழுந்துச்சு. அதுக்கு இங்கிலீஸ் படிக்கணுமா? 'டோன்ட் டெல் அம்மா'ன்னு விழுந்துச்சு. அதுக்கும் ஒண்ணும் படிக்க வேணாம். 'ஸ்டால்', 'க்ளோஸ்'. நான் டிவி சத்தத்தக் கொறச்சேன், அவங்களும் கொறச்சுட்டாங்க.

வெளிய வந்து மவன் என்ன சொன்னான் தெரியுமா?

"ஒண்ணுமில்லம்மா, சாதாரண செக்கப்தான். அப்புறம் ஒரு மாசம் எங்க வீட்டுல வந்து ஓய்வா இருக்கலாம்ல. ஒனக்குன்னு ரூம் ரெடி பண்ணியாச்சு. கர்ட்டன் கூட வாங்கிட்டா ஒம் மருமவ."

"என்ன கலரு?"

"பச்ச."

படமே இன்னும் எடுக்கல, கர்ட்டன் வந்துருச்சு.

எனக்குப் பயம் இல்லன்னு சொன்னா பொய்யி. நெஞ்சுக்குள்ள என்ன இருக்குன்னு யாருக்குத்தான் பயம் இருக்காது. ஆனா அதவிட வேற ஒரு பயம் பெருசா இருந்துச்சு. எனக்கு என்னன்னு எனக்கே தெரியாம, எட்டு அடுப்பையும் யாருக்கோ தூக்கிக் குடுத்துட்டு, என்னய பச்ச கர்ட்டனுக்குப் பின்னால உக்கார வச்சுருவாங்க. எங்க சொந்தத்துல அப்படி உக்கார வச்ச பொம்பளைங்க ரெண்டு மூணு பேர நான் பாத்திருக்கேன். கேட்டா, 'அவங்களுக்கு எதுக்குச் சொல்லிக்கிட்டு, பாவம்'னு சொல்லுவாங்க. கடைசி வரைக்கும் வாயுத் தொல்லன்னு நெனச்சுக்கிட்டே போயிருவாங்க அந்தப் பாவங்க. மிசினுக்குள்ள படுக்கப் போறது நான். அதனால சேதியும் மொதல்ல எனக்குத்தான். அது எனக்குள்ளயே முடிவாயிருச்சு, யாருகிட்டயும் சொல்லல.

மவன் அந்த ஃபாரத்த எழுதிக் குடுத்த அன்னிக்கு, ஸ்கேன் ரூம்ல ஒரே குளிரு. முதுகுப் பக்கம் முடிச்சுப் போடுற ஒரு கவுனக் குடுத்து, சங்கிலி, ஊக்கு எல்லாத்தையும் கழட்டச் சொன்னாங்க. என் ஜாக்கெட்டுல எப்பவும் அஞ்சாறு ஊக்கு கெடக்கும். ஒவ்வொண்ணா எடுத்துத் தட்டுல போட்டேன். மிசின ஓட்டுற மலாய்க்காரப் பொண்ணு எண்ணிக்கிட்டே நின்னுச்சு. தலையில துடுங் முக்காடு போட்டு, சிரிச்ச மொகமா இருந்துச்சு. அதுகிட்ட நான் பேசுனதெல்லாம் மலாய்லதான், ஒங்களுக்குத் தமிழ்ல சொல்றேன். மாக்சிக்னா பெரியம்மா.

"மாக்சிக், இன்னும் இருக்கா?"

"இருந்தா மிசினு சொல்லாதா?"

"சொல்லும். படத்துல பளிச்சுன்னு வரும். அப்புறம் டாக்டர் ஒங்க நெஞ்சுல ஊக்கு இருக்குன்னு எழுதிருவாரு."

அந்தப் பொண்ணு எனக்குச் சரியான ஆளு.

மிசினு ஒண்ணும் பயங்கரமா இல்ல. ஒரு பெரிய உளுந்து வடைய நிமுத்தி வச்சாப்ல இருந்துச்சு. நடுவுல கட்டிலு போயிப் போயி வருது. ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கிக்கிட்டு, போலீஸ்ல மாட்டுனவ மாதிரி படுத்தேன். மூணு தடவ எடுக்கணும்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சு. ஒரு தடவ மூச்ச நல்லா இழுத்துப் புடிச்சு. ஒரு தடவ மூச்ச முழுக்க வெளிய விட்டுட்டு, அப்படியே நிறுத்தி. அப்புறம் குப்புறப் படுத்து ஒரு தடவ.

"வெளிய விட்டுட்டு எதுக்கு எடுக்குறீங்க? காலி வீட்டுல என்ன தெரியும்?"ன்னேன்.

"காலியாகுதா இல்லையான்னு பாக்கத்தான் மாக்சிக்."

சொல்லிட்டு அது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போயிருச்சு. இழுத்துப் புடிக்கிறது நல்லாப் போச்சு. ரெண்டாவது, "காத்த எல்லாம் வெளிய விடுங்க"ன்னு மைக்குல சத்தம் வந்துச்சு. அவ்வளவுதான். என் தல தன்னால எடது பக்கம் திரும்புது, வாயி குவியுது, பூ, பூ, பூன்னு மூணு ஊது. வெளியில இருந்து யாராச்சும் பாத்திருந்தா மிசினுக்குள்ள நான் அடுப்புப் பத்த வைக்கிறேன்னு நெனச்சிருப்பாங்க.

அந்தப் பொண்ணு உள்ள வந்துச்சு. "மாக்சிக், இங்க மெழுகுவத்தி ஒண்ணும் இல்லையே. ஆடாம விடணும். ஆடுனா படம் கலங்கிரும்."

சரின்னேன். மறுபடியும் அதே சத்தம், மறுபடியும் தல திரும்பி பூ, பூ, பூ. நான் செய்யல, ஒடம்பு செய்யுது. கரிய ஊதும்போது கண்ணுல சாம்பல் அடிக்காம இருக்க, ஒரு பக்கமாத் திரும்பித்தான் ஊதணும். விட்டு விட்டு ஊதணும், ஒரேடியா ஊதுனா சாம்பல் ஆப்பத்துல போயி ஒக்காந்துரும். எட்டு அடுப்பு, ஒரு அடுப்புக்கு மூணு ஊது, காலையில எத்தன சுத்து. எனக்கு மூச்ச வெளிய விடுறதுன்னா அது ஒண்ணுதான் தெரியும் போல.

இந்தத் தடவ அந்தப் பொண்ணு சிரிக்கல. கட்டிலுக்குப் பக்கத்துல வந்து குனிஞ்சு பாத்துச்சு.

"மாக்சிக் என்ன வேல செய்றீங்க?"

"ஆப்பம் சுடுறேன்."

"பேப்பர்ல சூரி ரூமான்னு இருக்கே."

"பேப்பர எழுதுனது எம் மவன். ஆப்பத்தச் சுட்டது நானு."

"கேஸ்லயா, கரியிலயா?"

"கரி."

"எத்தன வருஷம்?"

சொன்னேன். தொறந்த எடமான்னு கேட்டுச்சு. முன்னால தொறப்பு, பின்னால தகரம், மழ வந்தா கேன்வஸ எறக்கி விட்டுருவோம்னேன். அப்ப பொக எங்க போகும்னு கேட்டுச்சு. எங்க போகும், எங்கிட்டத்தான் இருக்கும்னேன். அது வெளிய போயி அந்த ஃபாரத்த எடுத்து, மவன் எழுதுனதுக்குக் கீழ நாலு வரி எழுதிச்சு.

"படத்தப் பாக்குற டாக்டருக்கு எதத் தேடணும்னு தெரியணும் மாக்சிக். இத யாருமே சொல்லலையே."

"என்னய யாருமே கேக்கலையே."

அப்புறம் எனக்கு மூச்சு விடச் சொல்லிக் குடுத்துச்சு. எழுவது வயசுக்கு மேல மூச்சு விடக் கத்துக்கிட்டவ நான்.

"மாக்சிக் ஓடி வர்றீங்க, பஸ் கண்ணு முன்னாலயே போயிருச்சு. என்ன செய்வீங்க?"

"டிரைவரத் திட்டுவேன்."

"திட்டி முடிச்சப்புறம்?"

"பெருமூச்சு விட்டுட்டு நிப்பேன்."

"அதேதான். அந்த மூச்ச விட்டுட்டு, அப்படியே நில்லுங்க."

பஸ்ஸ நெனச்சுக்கிட்டேன். படம் விழுந்துருச்சு. குப்புறப் படுத்து எடுத்ததப் பத்திக் கேக்காதீங்க. முதுகுப் பக்கம் அந்தக் கவுன் தொறந்து கெடந்துச்சு, அந்த மிசினு பாக்க வேண்டிய அளவுக்கு மேலயே பாத்துருச்சு.

ரிசல்ட்டுக்கு ஒரு வாரம் கழிச்சு வரச் சொன்னாங்க. டாக்டரப் பாக்குறதுக்கு முன்னால ஒரு குழாயில ஊதச் சொன்னாங்க. நெஞ்சுல எவ்வளவு பலம்னு அளக்குற மிசினாம். ஊதுறதா, அது என் வேலைன்னு சிரிச்சுக்கிட்டே போனேன். இருக்குற தெம்ப எல்லாம் கூட்டி ஊதுனேன். அங்க இருந்த ஆளு திரும்ப ஊதச் சொன்னாரு. மறுபடியும் ஊதுனேன். என் வயசுல ஒருத்தி ஊத வேண்டியதுல பாதிதான் வருதுன்னு மவகிட்ட மெதுவாச் சொன்னாரு. எனக்குக் கேட்டுருச்சு. அன்னிக்குத்தான் எனக்குச் சிரிப்பு நின்னுச்சு. நாப்பது வருஷமா ஊதுனவ, ஒரு பிளாஸ்டிக் குழாயில ஊதித் தோத்துட்டேன்.

டாக்டர் ரூம்ல ரெண்டு நாக்காலி. மவனும் மவளும் அதுல உக்காந்துட்டாங்க. என்னய ஓரமா இருந்த கட்டில்ல உக்கார வச்சாங்க, வாங்கிட்டு வந்த பைய வைக்கிற மாதிரி. டாக்டர் சீனப் பொம்பள, அம்பது வயசு இருக்கும். நாங்க உள்ள போகும்போது போன்ல பேசிக்கிட்டிருந்துச்சு. அவங்க அம்மாகிட்ட போல. 'நீ மொதல்ல சாப்புடு, எனக்காகக் காத்திருக்காத'ன்னு ஹொக்கியன்ல, அவங்க சீனப் பேச்சுல, சொல்லிட்டுப் போன வச்சுச்சு.

ஒடனே எம் மவன் இங்கிலீஸ்ல ஆரம்பிச்சான். 'டாக்டர், இஃப் பேட்'னான். 'மை மதர்'னான். எனக்கு மிச்சம் வேண்டியதில்ல. டாக்டர் என்னயப் பாத்து மலாய்ல, "மூச்சு வாங்குதா?"ன்னு கேட்டுச்சு. நான் வாயத் தொறக்குறதுக்குள்ள மவ சொல்றா, "இல்ல டாக்டர், கொஞ்சம்தான்." "ராத்திரி இருமல்?" அதுக்கும் மவதான், "கொஞ்சம்தான்." எந் நெஞ்சு இவ வீட்டுல இருக்குற மாதிரி.

நான் கட்டில்ல இருந்தே ஹொக்கியன்ல கேட்டேன். "டாக்டர், அம்மா சாப்புட்டாங்களா?"

டாக்டர் திரும்பிப் பாத்துச்சு. எங்க புள்ளைங்களும் பாத்தாங்க. அவங்களுக்கு ஹொக்கியன் வராது. பள்ளிக்கூடத்துல இங்கிலீஸ், மலாய் எல்லாம் படிச்சாங்க. பாசார்ல நிக்கல, அதனால அது மட்டும் வரல.

"ஆண்ட்டி ஹொக்கியன் எங்க கத்துக்கிட்டீங்க?"

"பாசார்ல. பக்கத்துக் கடைக்காரியோட சண்ட போட்டு."

"யாரு ஜெயிச்சா?"

"மொதப் பத்து வருஷம் அவ. அப்புறம் நானு."

டாக்டர் சிரிச்சுட்டு நாக்காலியத் திருப்புச்சு. அதுக்கப்புறம் எல்லாமே ஹொக்கியன்தான்.

"டாக்டர், என் படம்தானே. நீங்க எனக்குக் காட்டுங்க. கெட்ட சேதின்னாலும் நேராச் சொல்லுங்க. இதுங்க ரெண்டும் எங்கிட்டச் சொல்லாதுங்க."

"ஒங்க பையன் அப்படித்தான் கேட்டுக்கிட்டாரு."

"அவன் கேப்பான். நெஞ்சு அவன் நெஞ்சு இல்ல."

டாக்டர் மேசையில இருந்த படம் காட்டுற டிவிய எம் பக்கம் திருப்பிருச்சு. எம் மவன் எந்திரிக்கப் பாத்தான், என்ன நெனச்சானோ, உக்காந்துட்டான். "அம்மா, என்னம்மா பேசுறீங்க?"ன்னு மவ கேட்டா. "சமயல்"னேன்.

படத்துல என் நெஞ்சு ரெண்டு கருப்பு மாங்கா மாதிரி இருந்துச்சு. டாக்டர் ஒண்ணொண்ணா உருட்டிக் காட்டுச்சு, மேல இருந்து கீழ வரைக்கும் மெல்லிசு மெல்லிசா. மூச்ச இழுத்தப்ப எடுத்தது கருப்பு. காத்து இருந்தா கருப்பாத் தெரியுமாம். வெளிய விட்டப்ப எடுத்தது எல்லாமே சாம்பல் கலரா மாறி இருக்கணுமாம். மாறல. அங்கங்க சாம்பல், அங்கங்க கருப்பு, ஒட்டுப் போட்ட துணியாட்டம்.

"இந்தக் கருப்பெல்லாம் வெளிய போக மாட்டேங்குற காத்து ஆண்ட்டி. உள்ள போகுது, திரும்பி வர வழி இல்ல. சின்னச் சின்னக் கொழாய் எல்லாம் பொகையில சுருங்கிப் போச்சு. மூச்ச இழுத்து மட்டும் எடுத்திருந்தா இத இவ்வளவு தெளிவாப் பாத்திருக்க முடியாது. கரின்னு எழுதி இருந்ததும் ஒதவுச்சு."

"எக்ஸ்ரேயில தெரிஞ்ச நெழலு?"

ஒரு எடத்துல நிறுத்திக் காட்டுச்சு. "இது பழைய தழும்பு. எப்பவோ வந்து ஆறுனது. எக்ஸ்ரேயில தெரிஞ்சது இதுதான்." இன்னும் கொஞ்சம் உருட்டுச்சு. "இது வேற. சின்னப் புள்ளி. மொளகு அளவு கூட இல்ல. பாத்தா சாதுவாத்தான் இருக்கு. ஆனா நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆறு மாசம் கழிச்சு மறுபடியும் எடுத்துப் பாக்கணும். வளரலன்னா நல்லது."

"வளந்தா?"

"வளந்தா அப்ப ஒங்ககிட்டத்தான் மொதல்ல சொல்லுவேன்."

நான் கொஞ்ச நேரம் அந்தப் புள்ளியவே பாத்துக்கிட்டு இருந்தேன். அதும் என்னயப் பாத்துச்சு. அப்புறம் கேக்க வேண்டியதக் கேட்டேன்.

"நான் கடைய மூடணுமா?"

"கரிய மூடணும். இனிமே ஒரு நாள் கூட பொக கூடாது. சுருங்குனது நிமிராது ஆண்ட்டி, ஆனா மேல சுருங்காம பாத்துக்கலாம். மருந்து உறிஞ்சணும், காலையில சாயங்காலம்."

"கேஸ்ல சுட்டா?"

"காத்தோட்டமா இருந்தா சுடுங்க. தகரத்த எடுத்துருங்க. மூச்சு வாங்குனா உக்காருங்க."

"பையன் வீட்டுல சும்மா உக்காந்தா நெஞ்சு நல்லா ஆகுமா?"

"சும்மா உக்காரச் சொல்லி நான் மருந்து எழுதல. நடக்கணும்."

எம் மவனால அதுக்கு மேல தாங்க முடியல. "டாக்டர், வாட் இஸ் ஷி சேயிங்?"னான். டாக்டர் அவனப் பாத்து மலாய்லயே சொல்லிச்சு, எனக்கும் புரியட்டும்னு. "ஒங்க அம்மாகிட்டயே கேளுங்க. அவங்களுக்கு எல்லாம் தெரியும்."

அப்படி ஒரு மொகத்த நான் பாத்ததே இல்ல. சின்ன வயசுல ஐஸ்கிரீம் கீழ விழுந்தப்பக் கூட அவன் அப்படி முழிச்சதில்ல.

மவனோட காடியில, கார்லதான், ஏறுனதும் ஆரம்பிச்சுட்டாங்க. "அம்மா, என்ன சொன்னாங்க?" நான் சீட் பெல்ட்டப் போட்டேன். "அம்மா." சன்னலத் தொறந்தேன். "அம்மா, ப்ளீஸ் லா." அந்த நிமிசம் எனக்கு ஆச வந்துச்சு, மறைக்க மாட்டேன். ஒண்ணுமில்ல, சாதாரண செக்கப்தான்னு சொல்லிட்டுப் பேசாம வந்தா என்ன? எனக்குத் தெரியாம அடுப்படியில நின்னு பேசுனதுக்கு, ஆறு மாசம் தவிக்கட்டுமே. அந்தப் புள்ளி எங்கிட்டயே இருக்கட்டும், எனக்கும் அதுக்கும் நடுவுல.

ஒரு சிக்னலு வரைக்கும் வச்சிருந்தேன். அதுக்கு மேல முடியல. கண்ணாடியில மவ மொகம் தெரிஞ்சுச்சு, ஒதட்டக் கடிச்சுக்கிட்டு. எல்லாத்தையும் சொன்னேன். சுருங்குன கொழாய், தழும்பு, புள்ளி, ஆறு மாசம், ஒண்ணு விடாம. மவ அழுதா. மவன் ஸ்டியரிங்கயே பாத்துக்கிட்டிருந்தான். பின்னால காடிக்காரன் ஹாரன் அடிச்சதுக்கப்புறம்தான் சிக்னல் மாறுனதே தெரிஞ்சுச்சு.

"அப்ப கண்டிப்பா எங்க வீட்டுக்கு வந்துரும்மா. இனிமே கட வேணாம்."

"கரிதான் வேணாம்னு சொன்னாங்க. கட வேணாம்னு டாக்டர் சொல்லல, நீ சொல்ற. நீ என்ன படிச்ச, நெஞ்சுக்கா படிச்ச?"

"அம்மா, வெளையாடாத. புள்ளி இருக்குன்னு நீயே சொல்ற."

"இருக்கு. ஒங்க வீட்டுல ஒக்காந்தா அது பயந்து ஓடிருமா? கேளுடா. நான் கேஸுக்கு மாறிக்கிறேன். தகரத்த நீ வந்து கழட்டு. மருந்த நான் உறிஞ்சுறேன். ஸ்கேனுக்கு நான் வர்றேன். ஆனா எந் நெஞ்சப் பத்தி எனக்குத் தெரியாம நீங்க ரெண்டு பேரும் அடுப்படியில நின்னு ஒரு வார்த்த பேசுனீங்கன்னா, அப்புறம் நான் டாக்டருகிட்ட ஹொக்கியன்லயே பேசிக்குவேன், ஒங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

வீட்டு வாசல்ல என்னய எறக்கி விடும்போது மவன் சொன்னான், "சனிக்கெழம வர்றேன். ஸ்பேனர் ஒங்கிட்ட இருக்கா, நான் கொண்டு வரணுமா?"

"நீதான சூப்பர்வைசரு. கொண்டா."

கேஸ்ல ஆப்பம் சுடுறது எனக்குப் புடிக்கலன்னு எழுதி வச்சுக்கங்க. தீ சொன்ன பேச்சக் கேக்குது, அதான் எனக்குப் புடிக்கல. கரின்னா அதுகூட ஒரு பேச்சு, ஒரு சண்ட இருக்கும். மொத ரெண்டு நாளு ஆப்பத்தோட ஓரம் கருகிப் போச்சு. நான் அடுப்ப ஊதக் குனிஞ்சு, நெலத்தப் பாத்து ஊதிட்டு நிமிந்த நேரமும் உண்டு.

மூணாவது நாளு, சொந்தமா முட்ட கொண்டாந்து குடுத்து முட்டையாப்பம் வாங்குற ஒரு சீனக் கெழவி, ஒரு வாயி கடிச்சுட்டு நின்னா. மென்னா. மொகத்தச் சுளிச்சா.

"வாசனையக் காணோமே. அந்தப் பொக வாசன எங்க போச்சு?"

"இங்க இருக்கு"ன்னு நெஞ்சத் தட்டிக் காட்டுனேன். "நாப்பது வருஷ வாசன. ஆஸ்பத்திரியில படம் கூட எடுத்து வச்சிருக்காங்க, பாக்குறியா?"

அவ வேணாம்னுட்டா. ரெண்டாவது முட்டைய நீட்டுனா. நான் ஒரு வாயி காத்த இழுத்து, பஸ்ஸத் தவற விட்டவ மாதிரி மெதுவா விட்டுட்டு, ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காந்துக்கிட்டுத்தான் ஒடச்சு ஊத்துனேன். உக்காந்து சுட்டாலும் ஆப்பம் வேகத்தான் செய்யுது. அந்த ஆறு மாச ஸ்கேனு நாளு இன்னும் வரல. வரட்டும், போவேன்.